கொடி போட்ட டி-ஷர்ட்டைத் திருப்பிப் போடச் சொல்லலாமா?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில், சான் ஹோசே பக்கம் இருக்கிறோம். மகன் இங்கேயே பிறந்தவன். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். இந்த மே 5 அன்று, போன ஜூலை 4-க்கு வாங்கிய அமெரிக்கக் கொடி போட்ட டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனான். அன்று மெக்சிகோ மாணவர்கள் கொண்டாடும் சிங்கோ டே மாயோ. முதல் இரண்டு பீரியட் ஒன்றும் நடக்கவில்லை. இடைவேளையில் ஒரு பையன், “அது உன் கொடியே இல்லை, நீ இந்தியாக்காரன்” என்றானாம். கொஞ்ச நேரத்தில் உதவி முதல்வர் இவனைக் கூப்பிட்டு, “பிரச்சினை வரும், சட்டையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போடு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ” என்று சொல்லியிருக்கிறார். மெக்சிகோ கொடியின் நிறத்தில் உடுத்தியிருந்தவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இவன் மறுத்துவிட்டான். நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். தேசியக் கொடியைப் போட்டதற்கா தண்டனை என்று எனக்கு ஆறவில்லை. கணவரோ, “கிரீன் கார்டு வரும் வரை எந்த வம்பும் வேண்டாம், மன்னிப்பு கேட்டுவிடச் சொல்” என்கிறார். ஊரிலிருந்து மாமனார், “கொடியைச் சட்டையாகப் போடுவதே குற்றம்” என்கிறார். தோழி ஒருத்தி, இதே மாதிரி ஒரு வழக்கில் 2014-இல் மாணவர்கள் தோற்றுப்போனார்கள் என்று சொன்னாள். பள்ளி செய்தது சரியா? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவரின் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். வீட்டில் அந்தப் பயம் இருக்கும் வரை மற்ற எதையும் நிதானமாக யோசிக்க முடியாது. பள்ளிக்கோ, இந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்கோ பெற்றோர் ஒரு கடிதம் எழுதுவது குடியேற்றத் துறை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. உங்கள் மகன் கைதாகவில்லை, போலீஸ் வரவில்லை. பிறப்பால் அவன் அமெரிக்கக் குடிமகன். இங்கே படிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோருக்கும், அவர்களிடம் எந்த விசா இருந்தாலும், பள்ளியைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. மன்னிப்பு கேட்கும்படி அவன் எதுவும் செய்யவும் இல்லை.

அடுத்து உங்கள் வருத்தம். “தேசியக் கொடியைப் போட்டதற்கா?” என்று கேட்கிறீர்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பள்ளியோடு பேசும்போது அந்த வாதத்தை முன்னால் வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இந்த நாட்டுச் சட்டத்தில், பள்ளிக்குள் தேசியக் கொடி போட்ட சட்டைக்குத் தனிச் சலுகை கிடையாது. இரண்டு சட்டைகளின் கதையைச் சொன்னால் இது விளங்கும்.

முதலாவது, 2003 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரில் ஒரு உயர்நிலைப் பள்ளி. ஈராக் போர் தொடங்கப்போகிற நேரம். பள்ளியில் அரபுக் குடும்பங்களின் பிள்ளைகள் நிறைய. ஒரு மாணவன், அன்றைய ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷின் படத்தைப் போட்டு, அவரைச் சர்வதேசப் பயங்கரவாதி என்று சொல்லும் டி-ஷர்ட்டில் வந்தான். புஷ்ஷையும் சதாம் உசேனையும் ஒப்பிட்டு ஆங்கில வகுப்பில் அவன் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. காலையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதியத்தில் நிர்வாகம் அவனைக் கூப்பிட்டு, சட்டையைத் திருப்பிப் போடு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்றது. உங்கள் மகனிடம் சொன்ன அதே வார்த்தைகள்தான். வழக்கு கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. மாணவன் ஜெயித்தான். சட்டையால் பள்ளியில் கலவரம் வந்ததற்கோ, வரும் என்று நம்புவதற்கோ பள்ளியிடம் உருப்படியான ஆதாரம் இல்லை என்றார் நீதிபதி.

இரண்டாவது, உங்கள் தோழி சொன்ன வழக்கு. அது உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரம்தான்: மார்கன் ஹில் நகரின் லைவ் ஓக் உயர்நிலைப் பள்ளி. 2010 மே 5. சில மாணவர்கள் அமெரிக்கக் கொடி டி-ஷர்ட்டில் வந்தார்கள். காலை இடைவேளையில் உதவி முதல்வர், சட்டையைத் திருப்பிப் போடுங்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்றார். இருவரின் சட்டையில் கொடி அவ்வளவு எடுப்பாகத் தெரியவில்லை என்று அவர்களை வகுப்புக்குப் போகவிட்டார்கள். இருவர் வீட்டுக்குப் போனார்கள். அது அனுமதித்த விடுப்பாகவே பதிவானது, தண்டனை எதுவும் இல்லை. பெற்றோர் வழக்கு போட்டார்கள். 2014 பிப்ரவரியில், கலிஃபோர்னியாவும் அடங்கிய ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளி செய்தது சரி என்றது. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது.

ஆக, ஜனாதிபதியைப் பயங்கரவாதி என்று சொன்ன சட்டை ஜெயித்தது, தேசியக் கொடிச் சட்டை தோற்றது. கேட்டால் தலைகீழாகத் தோன்றும். ஆனால் இரண்டு நீதிமன்றங்களும் பார்த்தது ஒன்றைத்தான்: சட்டையில் என்ன இருந்தது என்பதை அல்ல, பள்ளியின் பயத்துக்கு என்ன அடிப்படை இருந்தது என்பதை.

அந்த அளவுகோல் 1969-இல் வந்தது. அதற்கு முன்பு, 1965 டிசம்பரில், அயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகரில் சில பிள்ளைகள் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்குத் துக்கம் தெரிவிக்கக் கறுப்புப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். மேரி பெத் டிங்கருக்கு அப்போது 13 வயது. பள்ளி அவர்களை சஸ்பெண்ட் செய்தது. உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பு சொன்னது. பள்ளி வாசலைத் தாண்டும்போது மாணவர்கள் தங்கள் பேச்சுரிமையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதில்லை என்றார் நீதிபதி ஏப் ஃபோர்டஸ். பள்ளியின் வேலை கணிசமாகக் கெடும் என்று நியாயமாக எதிர்பார்க்க இடம் இருந்தால் தடுக்கலாம். மற்றவர்களின் உரிமையில் குறுக்கிட்டாலும் தடுக்கலாம். ‘ஏதாவது நடந்துவிடுமோ’ என்ற பொதுவான பயம் மட்டும் போதாது. அதே தீர்ப்பில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அந்தப் பள்ளிகளில் தேர்தல் பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தவர்களை யாரும் தடுக்கவில்லை. நாஜிகளோடு சேர்த்துப் பேசப்படும் இரும்புச் சிலுவையை அணிந்தவர்கள்கூட இருந்தார்கள். போரை எதிர்த்த பட்டையை மட்டும் பிடித்தார்கள். அப்படிப் பொறுக்கியெடுத்துத் தடுப்பது நீதிமன்றத்தை உறுத்தியது.

லைவ் ஓக் பள்ளிக்கு என்ன அடிப்படை இருந்தது? 2009-இல், அதற்கு முந்தைய மே 5 அன்று, அங்கே நிஜமாகவே சண்டை வந்திருந்தது. மெக்சிகோ கொடியோடு நடந்த மாணவர்களும், மரத்தில் அமெரிக்கக் கொடியைக் கட்டி முழக்கம் போட்ட மாணவர்களும் ஒருவரையொருவர் திட்டி மிரட்டிக்கொண்டார்கள். முதல்வர் பொறுப்பில் இருந்த 6 ஆண்டுகளில் வளாகத்தில் குறைந்தது 30 சண்டைகள் நடந்ததாகப் பதிவு இருந்தது. கும்பல் சண்டைகளும், வெள்ளை மாணவர்களுக்கும் ஹிஸ்பானிக் மாணவர்களுக்கும் இடையிலான சண்டைகளும் அதில் சேர்த்தி. சம்பவ நாளன்று காலையிலேயே, இன்றைக்குச் சண்டை வரப்போகிறது என்று மாணவர்களே உதவி முதல்வரிடம் வந்து எச்சரித்திருந்தார்கள். மெக்சிகோ நிறத்தில் உடுத்தியவர்களுக்கு அப்படி மிரட்டல் வந்ததாகச் சான்று இல்லை, அதனால் அவர்களைத் தடுக்காததைப் பாரபட்சம் என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். இத்தனையும் சேர்ந்துதான் பள்ளியைக் காப்பாற்றியது.

அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. காலை பத்து மணிக்கு, அடிதடி வருமோ என்ற நிலையில் நிற்கும் ஒரு உதவி முதல்வரின் சங்கடத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பிள்ளைகளின் உடம்பில் காயம் படாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய முதல் வேலை. ஆனாலும் மிரட்டியவர்களை விட்டுவிட்டு, மிரட்டப்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பினால் வளாகம் முழுக்க என்ன செய்தி போகிறது? பிடிக்காத கருத்து காதில் விழுந்தால் அடிப்பேன் என்று சொன்னால் போதும், மீதியைப் பள்ளியே செய்து கொடுக்கும் என்றுதானே? முழு அமர்வில் மறுவிசாரணை வேண்டும் என்ற மனுவை 2014 செப்டம்பரில் அந்த நீதிமன்றம் மறுத்தபோது, மூன்று நீதிபதிகள் இதையே சொல்லி மாறுபட்டார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் என் கருத்து உங்களுக்கு உதவாது. கலிஃபோர்னியாவில் இருக்கும் உங்களை 2014 தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

கட்டுப்படுத்தும் என்றால் நீங்கள் தோற்றீர்கள் என்று அர்த்தமில்லை. மே 5 அன்று கொடிச் சட்டையை எந்தப் பள்ளியும் தடுக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவே இல்லை. அந்தப் பள்ளி, அந்த வரலாற்றோடு, அந்தக் காலையில் செய்ததைச் சரி என்றது. அவ்வளவுதான். உங்கள் மகனின் பள்ளியில் என்ன வரலாறு? போன வருடங்களில் இந்த நாளில் கைகலப்பு வந்ததா? அன்று காலை யாராவது எச்சரித்தார்களா? உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இரண்டு பீரியட் அமைதியாகப் போயிருக்கிறது, பிறகு ஒரே ஒரு பையன் ஒரு சொல் சொல்லியிருக்கிறான். இவ்வளவுதான் என்றால், உங்கள் நிலை மார்கன் ஹில்லைவிட டியர்பார்னுக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது.

எனவே முதல் வேலை, பள்ளி முதல்வருக்கு ஒரு கடிதம். மின்னஞ்சல் போதும், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். போனில் கோபமாகப் பேசி முடித்துவிடாதீர்கள். என்ன நடந்தது என்பதை நேரம், இடத்தோடு நான்கு வரியில் எழுதுங்கள். பிறகு கேளுங்கள்: என்ன தொந்தரவு வரும் என்று எதிர்பார்த்தீர்கள், எந்தத் தகவலை வைத்து எதிர்பார்த்தீர்கள், மாணவர் கையேட்டில் இருக்கும் உடை விதிகளில் எந்த விதிப்படி அவனை வீட்டுக்கு அனுப்பினீர்கள்? கலிஃபோர்னியா கல்விச் சட்டத்தின் 48907-ஆம் பிரிவையும் குறிப்பிடுங்கள். பேட்ஜ், சின்னம் போன்றவற்றை அணிவதும் மாணவரின் பேச்சுரிமையில் அடக்கம் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. ஆபாசம், அவதூறு, சட்டவிரோதச் செயலுக்கோ சட்டப்படியான பள்ளி விதிகளை மீறுவதற்கோ பள்ளியின் ஒழுங்கு கணிசமாகக் குலைவதற்கோ தூண்டுவது ஆகியவை மட்டும்தான் விலக்கு. தேசபக்தியைப் பற்றி ஒரு வரிகூட அந்தக் கடிதத்தில் வேண்டாம். ‘அமைதிக்கு ஆதரவு’ என்று எழுதிய சட்டையோடு இன்னொரு பிள்ளை அடுத்த மாதம் இதே அறையில் நிற்கலாம். அந்தப் பிள்ளைக்கும் பொருந்துகிற கேள்வியைக் கேட்டால்தான் பள்ளி பதில் சொல்லத் திணறும்.

கூடவே, அன்றைய நாள் அவனுடைய பதிவேட்டில் எப்படி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அனுமதித்த விடுப்பா, அனுமதியில்லாத விடுப்பா, சஸ்பென்ஷனா? பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டால், இந்த மாநிலத்தில் ஐந்து வேலை நாட்களுக்குள் காட்ட வேண்டும். ‘சொல்பேச்சுக் கேட்கவில்லை’ என்று ஏதாவது எழுதியிருந்தால் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: ஆசிரியர் அல்லது நிர்வாகத்தின் சொல்லை மீறினான் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மாணவனை சஸ்பெண்ட் செய்யக்கூடாது என்ற தடை 2024 ஜூலை முதல் கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. 2029 வரை அது நடப்பில் இருக்கும். சஸ்பென்ஷன் என்று எழுதாமல் வாய்வார்த்தையாக வீட்டுக்கு அனுப்புவது சில பள்ளிகளின் பழக்கம். அதனால்தான் எழுத்தில் கேட்கச் சொல்கிறேன்.

இடைவேளையில் அந்தப் பையன் சொன்னதை நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள். எனக்கு அங்கேதான் மனம் நின்றது. “அது உன் கொடியே இல்லை” என்பது கருத்து மாதிரி தெரியலாம். ஆனால் இங்கே பிறந்த ஒரு பிள்ளையின் பூர்வீகத்தைச் சொல்லி அவனை ஒதுக்கும் பேச்சு அது. ஒருமுறை சொன்னதாலேயே அது சட்டப்படி துன்புறுத்தல் ஆகிவிடாது. திரும்பத் திரும்ப நடந்தால் ஆகலாம். பூர்வீகத்தின் பேரில் நடக்கும் துன்புறுத்தலைத் தடுக்கும் கடமை, கூட்டாட்சி நிதி வாங்கும் எல்லாப் பள்ளிக்கும் 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டப்படி உண்டு. இதை மகனிடம் தனியாகக் கேளுங்கள். இதற்கு முன்பும் இப்படிச் சொன்னார்களா, யார் யார், ஆசிரியர் யாராவது கேட்டார்களா? ஆமாம் என்றால், சட்டை விஷயத்தோடு கலக்காமல் தனிப் புகாராகப் பள்ளி மாவட்டத்துக்குக் கொடுங்கள். பாகுபாடு தொடர்பான புகாருக்கு ஆறு மாதக் கெடு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

மாமனாரிடம், அவர் ஊருக்கு அவர் சொல்வது பெருமளவு சரிதான் என்று சொல்லுங்கள். இந்தியாவில் தேசியக் கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் 1971-இல் வந்தது. 2005 திருத்தத்துக்குப் பிறகு, கொடியை இடுப்புக்குக் கீழே அணிவதும், கைக்குட்டையிலோ உள்ளாடையிலோ உடைத் துணியிலோ அதை அச்சிடுவதும் அவமதிப்பில் சேரும். மூன்று ஆண்டு வரை சிறை. அமெரிக்காவிலும் கொடி நெறிமுறை என்று ஒன்று உண்டு. கொடியை ஒருபோதும் உடையாகப் பயன்படுத்தக்கூடாது என்று அதிலும் எழுதியிருக்கிறது. ஆனால் அதை மீறினால் தண்டனை கிடையாது, அது அறிவுரை மட்டுமே. மசாசூசெட்ஸில் ஒரு இளைஞர் தன் கால்சட்டையின் பின்புறத்தில் கையகலக் கொடி ஒன்றைத் தைத்துக்கொண்டதற்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். எது அவமதிப்பு என்றே அந்த மாநிலச் சட்டத்தில் தெளிவில்லை, அதனால் அந்தத் தண்டனை செல்லாது என்று 1974-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. கொடி படம் போட்ட டி-ஷர்ட்டுக்கு இங்கே யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அப்புறம், மகனோடு நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. வருடத்தில் இத்தனை நாள் இருக்க, அந்தச் சட்டையை மே 5 அன்று ஏன் எடுத்தான்? அலமாரியில் மேலே இருந்தது என்று எடுத்திருக்கலாம். நானும் இந்த நாட்டுக்காரன்தான் என்று யாரிடமோ சொல்ல நினைத்திருக்கலாம். அந்தப் பையன் சொன்னதைக் கேட்டால் அதுவும் நடக்கக்கூடியதுதான். அல்லது மெக்சிகோ நண்பர்களைச் சீண்ட நாலு பேர் சேர்ந்து திட்டமிட்டிருக்கலாம். மூன்றிலும் அவனுடைய உரிமை ஒன்றுதான், சட்டம் உள்நோக்கத்தைத் தோண்டுவதில்லை. ஆனால் அம்மா கேட்கலாம், கேட்க வேண்டும். மூன்றாவதுதான் என்றால் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள். அந்த நாள் எதற்கு என்று தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். 1862 மே 5-இல் புவெப்லா என்ற ஊரில் மெக்சிகோ படை, தன்னைவிட வலுவான பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள் அது. அமெரிக்காவுக்கு எதிரான நாள் இல்லை. அவனுடைய பள்ளித் தோழர்களில் பலர் அவனைப் போலவே இங்கே பிறந்து, வீட்டில் வேறு மொழி பேசி வளர்கிறவர்கள். அவர்கள் உடுத்திய நிறத்தை யாரும் தடுக்காததற்கு நீங்கள் பள்ளிமேல் வருத்தப்படலாம், அவர்களையும் தடுத்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இரண்டு சட்டையும் வகுப்பறையில் இருக்கலாம் என்பதுதான் உங்கள் பக்க வாதம்.

கொடிக்கு வணக்கம் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒன்று அவன் வகுப்பிலேயே இருக்கலாம். அந்தப் பிள்ளையின் உரிமையும் அவன் உரிமையும் ஒரே வேரில் வந்தவை என்பதையும் சொல்லிக்கொடுங்கள். 1943-இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, மேற்கு வர்ஜீனியாவில் கொடி வணக்கத்தை மதக் காரணத்தால் மறுத்த பிள்ளைகள் பக்கம் உச்ச நீதிமன்றம் நின்றது. 1986-இல் கேரளத்தில் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று பிள்ளைகளைப் பள்ளி வெளியேற்றியது தவறு என்று சொன்னபோது, நம் இந்திய உச்ச நீதிமன்றம் இந்த அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துப் பேசியது. கொடியை அணிய விரும்பும் உங்கள் மகன், வணங்க விரும்பாத பிள்ளைக்காகவும் பேசக் கற்றுக்கொண்டால், அந்த உதவி முதல்வர் முன்னால் அவன் வார்த்தைக்கு இன்னும் எடை கூடும்.

வழக்கு போடலாமா என்றால், இப்போது வேண்டாம். மார்கன் ஹில் குடும்பங்களுக்கு 2010-இலிருந்து 2015 வரை ஆனது. அதற்குள் பிள்ளைகள் பள்ளியையே முடித்துவிட்டார்கள். உங்களுக்கு வேண்டியது மூன்றுதான்: பதிவேட்டில் கறை இல்லாமல் இருப்பது, அந்த நாளில் விட்டுப்போன பாடத்தையும் தேர்வையும் ஈடுசெய்ய அனுமதி, அடுத்த வருடம் இதே நாளில் என்ன செய்யப்போகிறார்கள் என்ற எழுத்துப்பூர்வமான பதில். இவை பெரும்பாலும் முதல்வர் மட்டத்திலேயே கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர், அதற்கு மேல் பள்ளி வாரியம். வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், உங்கள் மகனே எழுந்து பேசலாம். பள்ளியின் பதிலில் முன்பு நடந்த சண்டைகளைப் பற்றித் தேதியோடு ஏதாவது இருந்தால், மேலே போவதற்கு முன் அதை எனக்கு அனுப்புங்கள். வழக்கின் பலம் அந்தத் தேதிகளில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.